எந்திரத்துக்கு எழுதியது, மூச்சுக்கு வந்தது

வேலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா உனக்குத் தனியாக எழுதச் சொன்னார்கள். இங்கே அனைவரும் நலம். வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பொழுது சாய்ந்த பிறகும் கோட்டை மதில் கல்லில் கை வைக்க முடியவில்லை.

இப்போது என்ன கேட்கிறாய் என்று கேட்டிருந்தாய். எட் பலர்மோ பிக் பேண்ட் கேட்கிறேன். பலர்மோ நியூயார்க் வட்டாரத்து ஆல்ட்டோ சாக்ஸ்காரர், அதைவிடப் பெரிய அரேஞ்சர், அதாவது ஒரு பாட்டை எந்த வாத்தியம் எங்கே வாசிக்கவேண்டும் என்று பிரித்து எழுதுகிறவர். அமெரிக்க ராக் கிட்டார்காரர் ஃபிராங்க் ஸாப்பாவின் இசையை ஜாஸ் பிக் பேண்டுக்கு மாற்றி எழுதுவதைப் பல வருஷமாக விடாமல் செய்துவருகிறார். ஸாப்பா 1993-ல் போய்ச் சேர்ந்தார். பலர்மோவின் முதல் ஸாப்பா ஆல்பம் 1997-ல் வந்தது. என்னைப் பிடித்துக்கொண்டது 2009-ல் வந்த 'எடி லவ்ஸ் ஃபிராங்க்'.

அதில் முதலில் வருவது 'நைட் ஸ்கூல்'. ஸாப்பாவின் 1986-ஆம் வருஷத்து 'ஜாஸ் ஃப்ரம் ஹெல்' ஆல்பத்திலும் முதலில் வருவது இதுதான். அந்த ஆல்பத்தில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே சிங்க்ளேவியர் என்ற கம்ப்யூட்டர் கீபோர்டில் செய்தது. விரலுக்கு வராத தாளக் கணக்கையெல்லாம் அது பிசகாமல் வாசித்துவிடும். 1988-ல் அந்த ஆல்பத்துக்கு கிராமி விருதும் கிடைத்தது. அப்படி எந்திரத்துக்கென்றே பிறந்த ஒன்றை இந்த மனிதர் கொண்டுபோய் ஊதுகிறவர்கள் கையில் கொடுத்திருக்கிறார்! கேட்கும்போது எனக்குப் புல்லரிக்கிறது மச்சான்.

எந்திரத்துக்கு மூச்சு வாங்காது. ஊதுகிறவனுக்கு வாங்கும். வழக்கமான பிக் பேண்டில் ஐந்து சாக்ஸ், நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன் இருக்கும். நீளமான ஒரு வரியை எங்கே வெட்டுவது, ஒருவன் மூச்சு இழுக்கும்போது அதை யார் ஏந்திக்கொள்வது, உச்சத்தில் நிற்கும் டிரம்பெட்காரனின் உதடு எப்போது ஓய்வு கேட்கும், எல்லாவற்றையும் வாசிப்பதற்கு முன்பே தாளில் தீர்த்துவைக்க வேண்டும். அரேஞ்சர் செய்வது அதைத்தான்.

நாம் ஊதிய பேண்டு செட்டின் மாஸ்டர் வைத்திருந்த கணக்கு நோட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். நீல மையில் ஸ்வரம், மூச்சு விடவேண்டிய இடத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி. எனக்கும் பக்கத்துக் கிளாரினெட்டுக்கும் அந்தப் புள்ளி ஒரே இடத்தில் விழவே விழாது. "நீ வுடு, அவன் புடிச்சிக்குவான்" என்பார். சினிமாப் பாட்டில் வயலின் கூட்டம் வாசிக்கிற இடத்தை எங்கள் இரண்டு பேருக்கும் உன் டிரம்பெட்டுக்கும் பங்கு போட்டு, அடியில் கனத்த குரல் பித்தளை வாத்தியமான யூபோனியத்தை நிறுத்துவார். கொசப்பேட்டைச் சந்துகளில் மாப்பிள்ளை அழைப்புக்கு நடந்துகொண்டே ஊதவேண்டும் என்பதும் அவர் கணக்கில் இருந்தது. ஊர் அவரை பேண்டு செட் மாஸ்டர் என்றது. நான் அவரை அரேஞ்சர் என்றே சொல்வேன்.

ராக்கை ஜாஸுக்குக் கொண்டுபோனால் காரம் குறைந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஸாப்பா விஷயத்தில் அது பொருந்தாது. 1971 டிசம்பரில் லண்டன் ரெயின்போ தியேட்டரில் ஒருவன் அவரை மேடையிலிருந்து கீழே தள்ளிவிட்டான். பலத்த அடி, சக்கர நாற்காலியில் இருக்கவேண்டியதாயிற்று. மேடையேற முடியாத அந்தக் காலத்தில் செய்ததுதான் 1972-ல் வந்த 'வாக்கா ஜவாக்கா'வும் 'தி கிராண்ட் வாஸூ'வும். இரண்டிலும் பிக் பேண்ட் மாதிரி டிரம்பெட், டிராம்போன் பித்தளை முழக்கம்தான். அதே வருஷம் இருபது பேர் குழுவோடு ஊர் ஊராகவும் போனார். ஆக, பலர்மோ புதிதாக எதையும் அவர்மேல் ஏற்றவில்லை.

இன்னொன்று, ஸாப்பா நொட்டேஷன், அதாவது ஸ்வரங்களைக் குறிகளாகத் தாளில், எழுதத் தெரிந்தவர். கிட்டாரையே நம்பிய பாட்டை வேறு வாத்தியத்துக்கு மாற்றினால் சில சமயம் ஒன்றும் மிஞ்சாது. இவருடையது அப்படியில்லை. 1974-ல் வந்த 'எக்கிட்னாஸ் ஆர்ஃப்' கேள். ஸாப்பா குழுவில் வாசித்த ரூத் அண்டர்வுட்டின் தாளவாத்தியங்கள் அதில் சிதறி ஓடும். பிறகு பலர்மோ ஆட்கள் வாசித்ததைக் கேள். அதே ஓட்டம், ஆனால் காற்றில். பலர்மோ ஆல்பத்தின் கடைசியில் இருக்கும் 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' என்ற தேசபக்திப் பாட்டு மட்டும் எனக்கு ஒட்டவில்லை. நீ கேட்டுவிட்டுச் சொல்.

ஒரு சேதி. மாஸ்டரின் நோட்டுகள் அவர் மகனிடம் இருக்கின்றன. கேட்டேன், மறுக்காமல் கொடுத்தார். ஓரங்கள் பொடிந்துவிட்டன, சிவப்புப் புள்ளிகள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. இங்கே நம் வேலூர் சைதாப்பேட்டையில் சில பையன்கள் கிளாரினெட் பழகுகிறார்கள். அவர்களுக்காகச் சுத்தமாகப் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். டிரம்பெட் பகுதி மட்டும் பல பாட்டுக்குக் கிடைக்கவில்லை. உன் பெட்டியில் பழைய தாள்கள் இருந்தால் போன் கேமராவில் எடுத்தாவது அனுப்பு. இல்லாவிட்டால் நினைவிலிருந்து எழுது. உனக்கு வரும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது டிரம்பெட்டையும் கொண்டு வா, பையன்களோடு உட்காரலாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
கிளாரினெட்காரன்