வண்டி ஓட்டத் தெரியாத மந்திரி

கோரிமேடு, சேலம்

அன்புள்ள வசந்தா,

கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோடை விழாவுக்கு வந்த சொந்தக்காரர்களைக் கவனிப்பதிலேயே பொழுது போய்விட்டது. மல்கோவா இறங்கிவிட்டது, விலைதான் கிட்டே நெருங்க விடவில்லை.

"வண்டி ஓட்டத் தெரியாத பொம்பளையைப் போக்குவரத்து மந்திரியாக்கினால் நாடு விளங்கிடும்" என்று உன் வீட்டுக்காரர் சொன்னாராமே? அவருக்கு பார்பரா காஸில் கதையைச் சொல்லு. 1965 டிசம்பரில் பிரிட்டன் பிரதமர் ஹெரால்டு வில்சன் அந்தம்மாவைத்தான் போக்குவரத்து மந்திரியாக்கினார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்க, ஊதச் சொல்லிப் பார்க்கும் சோதனை 1967 அக்டோபரில் அவர் காலத்தில்தான் அங்கே வந்தது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். (நம் நாட்டில் 30தான், அதற்கே இந்தப் பாடு.) மதுக்கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள்; வசைக் கடிதங்கள் குவிந்தன. பேட்டி எடுத்த ஒருவர், "நீங்களோ பெண், வண்டியும் ஓட்டுவதில்லை, உங்களுக்கென்ன தெரியும்" என்கிற மாதிரி முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார். உன் வீட்டுக்காரருக்கு அங்கேயும் ஆள் இருந்திருக்கிறது பார்! 1966இல் அங்கே சாலையில் செத்தவர்கள் கிட்டத்தட்ட 8,000 பேர். 1968இல் 7,000க்குக் கீழே வந்துவிட்டது. மணிக்கு 70 மைல் என்ற உச்ச வேகத்தை நிரந்தரமாக்கியதும் அவர்தான்.

ஓட்டத் தெரியாததுதான் அவருக்குப் பலம் என்பேன். ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார். கொண்டை ஊசி வளைவில் நம் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறுவார். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது மலை ரோட்டுச் சட்டம். மேலேயிருந்து வருகிற கார் அதைக் கண்டுகொள்ளாமல் நடு ரோட்டைப் பிடித்து இறங்கும். பின் ஜன்னலில் ஒரு பிள்ளை இடுப்பு வரை வெளியே. ஸ்டியரிங் பிடித்தவனுக்கு முந்துவதில்தான் கண். முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிற நமக்குத்தான் மற்றதெல்லாம் தெரியும்.

அதற்காக காஸில் அம்மாவைத் தலையில் தூக்கி வைக்கவும் மனசு வரவில்லை. ரயில் பாதைகளை மூடுவதை நிறுத்துவோம் என்று சொல்லி ஜெயித்த கட்சி அவருடையது. ஆனால் பல பாதைகளை மூட அவரே கையெழுத்துப் போட்டார். அப்புறம் 1968 போக்குவரத்துச் சட்டத்தில், நஷ்டத்தில் ஓடினாலும் ஜனங்களுக்குத் தேவையான பாதைக்கு அரசே பணம் தரலாம் என்று வழி செய்தார். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. ஏற்காட்டு மலைக் கிராமங்களான நாகலூருக்கும் கொட்டச்சேட்டுக்கும் போகிற பஸ்ஸை கலெக்‌ஷனை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் ஒரு டிரிப்கூட மிஞ்சாது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற கிழவிகளும் எதில் வருவார்கள்?

பிறகு தொழிலாளர் துறைக்குப் போய், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியச் சட்டத்தை 1970இல் கொண்டுவந்தார். தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தப் பார்த்துச் சொந்தக் கட்சியிடமே தோற்றதும் அந்தச் சமயத்தில்தான். அது தனிக் கதை, நேரில் பேசலாம்.

சரி, இதையெல்லாம் கேட்டுவிட்டு உன் வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது. ஒரு வார்த்தை விடாமல் எழுதணும்.

அன்புடன்,
மல்லிகா