சேப்பாக்கம் பதிவுப் பலகை: திருப்பணி நிறைவு அறிக்கை

மன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஐப்பசி மழையில் படிப்பறையின் மேற்குச் சுவர் ஓதம் ஏறி, அதில் மாட்டியிருந்த, கிரிக்கெட் ஆட்டக் கணக்குகளை எழுதிய சேப்பாக்கம் பதிவுப் பலகை உளுத்துப் போனது உங்களுக்குத் தெரியும். பொதுக்கூட்டத்தில் நீங்கள் ஒப்படைத்த வேலை முடிந்துவிட்டது. பழைய பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, புதிதாகப் பூசியிருக்கிறோம். முதலில் வாங்கிய பிளைவுட் தண்ணீர் தாங்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரு மழைக்கே உப்பிவிட்டது. அந்தச் செலவு நமக்கு நஷ்டம்தான். அப்புறம் தேக்குச் சட்டம் போட்டு, சுவரிலிருந்து இரண்டு விரல் இடைவெளி விட்டு, காற்று போகும்படி மூன்று பலகைகள் மாட்டியாயிற்று.

சுவர் வேலையை விட எழுத்து வேலைக்குத்தான் அதிக நாள் பிடித்தது. குழு முதலிலேயே இரண்டு விதிகள் வைத்துக்கொண்டது. சேப்பாக்கம் திடலில் நடந்தது மட்டுமே பலகையில் ஏற வேண்டும். இன்னிங்ஸ் கணக்குகளைக் கூட்டிக் கழித்துச் சரிபார்க்காமல் பெயிண்டர் கையில் தூரிகை கொடுக்கக் கூடாது.

முதல் விதியால் வந்த மனஸ்தாபத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பழைய பலகையின் நடுவில் பெரிய எழுத்தில் இருந்தது மன்கட், பங்கஜ் ராய் தொடக்க ஜோடி சேர்ந்து எடுத்த 413 ரன். அது இப்போது இல்லை. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக மன்கட் 231, ராய் 173 அடித்தது மெட்ராஸில்தான். 52 ஆண்டுகள் எந்தத் தொடக்க ஜோடியும் அதைத் தாண்டவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆட்டம் நடந்தது கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், இன்று நேரு ஸ்டேடியம் இருக்கும் இடத்தில். 1956 முதல் 1965 வரை நம் ஊர் டெஸ்ட் ஆட்டங்கள் அங்கேதான். 1967 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் வந்தபோதுதான் சேப்பாக்கத்துக்கு டெஸ்ட் திரும்பியது. மூத்த உறுப்பினர்கள் சிலருக்கு இதில் வருத்தம். அவர்கள் சிறுவயதில் அண்ணன்மார் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்த ஆட்டம் அது. அந்த வருத்தம் எங்களுக்கும் உண்டு. ஆனாலும் பெரியமேட்டில் எடுத்த ரன்னை வாலாஜா சாலையில் எழுத மனம் வரவில்லை.

முதல் பலகை 1934-இல் தொடங்குகிறது. அந்த ஒரு வருஷத்திலேயே இரண்டு தொடக்கங்கள். பிப்ரவரியில் ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து இங்கே முதல் டெஸ்ட் ஆடி 202 ரன்னில் ஜெயித்தது. நம் அமர் சிங் 86 ரன் கொடுத்து 7 விக்கெட், இங்கிலாந்தின் வெரிட்டி 49-க்கு 7. நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மெட்ராஸும் மைசூரும். முதல் பந்தைப் போட்டவர் நம் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48, மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59. 48-ஐயும் 59-ஐயும் கூட்டினால் 107, மிச்சம் 23. இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசத்தில் மெட்ராஸுக்கு வெற்றி, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஏ.ஜி. ராம் சிங் 11 விக்கெட். இந்தத் தேதி பழைய பலகையில் இல்லவே இல்லை. இப்போது முதல் வரிசையில் இருக்கிறது.

அடுத்தது 1952 பிப்ரவரி. டெஸ்ட் ஆடத் தொடங்கி 20 வருஷம் கழித்து இந்தியாவுக்கு முதல் வெற்றி கிடைத்தது நம் திடலில், இங்கிலாந்துக்கு எதிராக. மன்கட் 55-க்கு 8, 53-க்கு 4. முதல் இன்னிங்ஸில் அவர் பந்தில் விக்கெட் கீப்பர் சென் நான்கு பேரை ஸ்டம்பிங் செய்தார். ராய் 111, உம்ரிகர் அவுட் ஆகாமல் 130. இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசம்.

நடுப் பலகை முழுவதும் 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு சமனில் முடிந்த டெஸ்டுக்கு. ஒரே ஆட்டத்துக்கு ஒரு பலகையா என்று கேட்டவர்களை அதன் முன்னால் வந்து நிற்கச் சொல்கிறோம். ஆஸ்திரேலியா 574, 170. இந்தியா 397, 347. நான்கையும் எழுதிக் கீழே கூட்டுத்தொகையும் போட்டிருக்கிறோம். அந்தப் பக்கம் 744, இந்தப் பக்கம் 744. புழுக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே டீன் ஜோன்ஸ் அடித்த 210, கபில் தேவின் 119, வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றாமல் பந்து வீசிய கிரெக் மாத்யூஸின் 10 விக்கெட், எல்லாம் இருக்கின்றன. கடைசி ஓவரைப் பந்து பந்தாக எழுதச் சொன்னோம். இந்தியாவுக்கு வேண்டியது 4 ரன், கையில் ஒரே விக்கெட். முதல் பந்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் சாஸ்திரிக்கு 2, மூன்றாவதில் 1, ஸ்கோர் சமம். நான்காவதை மணிந்தர் சிங் தடுத்தார். ஐந்தாவதில் அவர் எல்.பி.டபிள்யூ. முறையில் அவுட். டெஸ்ட் வரலாற்றில் சமனில் முடிந்த இரண்டாவது ஆட்டம் அது. முதலாவது 1960-இல் பிரிஸ்பேனில்.

அதன் கீழேயே 1987 அக்டோபர் 9 உலகக் கோப்பை ஆட்டத்தை வைத்தது குழுவின் யோசனை. டீன் ஜோன்ஸ் அடித்து நான்கு என்று கொடுக்கப்பட்ட ஒரு பந்தை இடைவேளையில் ஆறு என்று திருத்த கபில் ஒத்துக்கொண்டார். ஆஸ்திரேலியாவின் 268 என்பது 270 ஆனது. இந்தியா 269. கடைசி விக்கெட் மறுபடியும் மணிந்தர், மறுபடியும் ஒரு பந்து பாக்கி இருக்கும்போது. கபில் மனது வைத்துக் கொடுத்த அந்த 2 ரன்னை ஆஸ்திரேலியா கணக்கில் தனி நிறத்தில் எழுதியிருக்கிறோம்.

மூன்றாவது பலகையில் தோல்விகளும் இருக்கின்றன. சயீத் அன்வரின் 194 (1997) வேண்டாம் என்று சிலர் கேட்டார்கள். 1999-இல் டெண்டுல்கர் 136 எடுத்தும் 12 ரன்னில் பாகிஸ்தானிடம் தோற்றோமே, அதை ஏன் சுவரில் வைத்துத் தினமும் பார்க்க வேண்டும் என்றும் ஒருவர் கேட்டார். அன்று திடலைச் சுற்றி வந்த பாகிஸ்தான் வீரர்களுக்கு எழுந்து நின்று கை தட்டியவர்களில் நம் உறுப்பினர்களும் உண்டு. இரண்டும் பலகையில் ஏறின.

மற்றவை: விஸ்வநாத் 97 (1975), கவாஸ்கரின் 30-ஆவது சதமான 236 (1983), ஹர்பஜனின் 15 விக்கெட் (2001), சேவாக் 319 (2008), வர்தா புயல் ஓய்ந்த சில நாளில் கருண் நாயர் 303 (2016), அஸ்வின் சதமும் ஐந்து விக்கெட்டும் (2021, 2024). ஹிர்வானி முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்ததில் கொடுத்த ரன் 136. பெயிண்டர் 163 என்று எழுதி, எனாமல் காய்ந்தும் விட்டது. இரண்டு இன்னிங்ஸிலும் கொடுத்த 61-ஐயும் 75-ஐயும் கூட்டிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த இடம் கொஞ்சம் திட்டாகத் தெரியும்.

வரவு செலவு நோட்டும் ரசீதுகளும் படிப்பறை மேஜை இழுப்பறையில் இருக்கின்றன, யாரும் எப்போதும் பார்க்கலாம். மூன்றாவது பலகையில் கடைசி ஆறு வரிகளைக் காலியாக விட்டிருக்கிறோம். பிழை ஏதாவது கண்ணில் பட்டால் சுவரில் பென்சிலால் குறிக்க வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆட்டத்தின் தேதியோடு எழுதி வையுங்கள். பெயிண்டர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வருவார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு