ராமர் பாதத்தில் அரைமணி நேரம் கொடுங்கள்

ராமேஸ்வரத்தில் ஆட்டோவும் வேனும் ஓட்டும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் படம் வரைகிறவன், ராமநாதபுரத்துக்காரன். ராமரின் பாதச்சுவடு இருக்கும் மேடான ராமர் பாதத்துக்கு நீங்கள் கூட்டிவருகிறவர்களைப் பத்தே நிமிடத்தில் கிளப்பிக்கொண்டு போகாதீர்கள். முடிந்தால் அந்த இடத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான்.

உங்கள் சிரமம் தெரியாமல் கேட்கவில்லை. தனுஷ்கோடி, வில்லூண்டி தீர்த்தம், பஞ்சமுக அனுமார், கலாம் வீடு என எல்லாவற்றையும் ஒரே சவாரியில் காட்டியாக வேண்டும். தனுஷ்கோடியிலிருந்து இருட்டுவதற்குள் திரும்பவும் வேண்டும். அதனால் ராமர் பாதம் பெரும்பாலும் உச்சிவெயிலில் மாட்டிக்கொள்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறவர்களுக்குக் கல் சுடுகிறது. பாதத்தைக் கும்பிட்டுவிட்டு, ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கி ஓடிவருகிறார்கள். அந்த நேரத்தில் கடலும் வெளுத்துக் கிடக்கும். பார்க்க ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொன்னால் அது அவர்கள் குற்றமில்லை.

ராமர் பாதம் இருக்கும் இடத்துக்குக் கந்தமாதன பர்வதம் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் அது ஒரு மணல்மேடுதான். மூச்சு வாங்குவதற்குள் ஏறிவிடலாம். ஆனால் தீவிலேயே உயரமான இடம் அது. கண்ணுக்கெட்டிய வரை தட்டையாகக் கிடக்கும் நம் சீமையில், பனை உச்சிக்கு மேலே நின்று ஊரைப் பார்க்க வேறு இடம் எங்கே இருக்கிறது?

நாலு மணிக்கு மேல் பாதம் இருக்கும் மண்டபத்தின் மாடியில் கிழக்கே பார்த்து நின்றால் வெயில் முதுகுக்குப் போய்விடும். கீழே உடைமரங்களின் தட்டையான தலைகள் விரித்துவைத்த குடைகளாய்த் தெரியும். தெற்கே தள்ளிக் கோயில் கோபுரத்தில் மஞ்சள் வெயில் ஏறும். வடக்கே நாம் பெண்கடல் என்று சொல்லும் பாக் நீரிணை. ஆழம் குறைந்த கடல் என்பதால் அதன் நிறம் ஒரு நிலையில் நிற்காது. கரையோரம் மண் கலந்த பச்சை, அப்பால் கரும்பச்சை, மேகம் கடந்தால் சாம்பல். ஒரு பச்சையைக் கலந்து முடிப்பதற்குள் அங்கே வேறு பச்சை வந்திருக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்கே ஆண்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போதும் இந்தப் பக்கம் அடங்கியே இருக்கும். உப்புக்காற்றில் தாளில் வண்ணம் லேசில் காயாது. ஈரத்தில் பொடிமணல் வந்து ஒட்டும். நான் அதைத் தட்டிவிடுவதில்லை. அந்த மணலும் அந்த இடம்தானே.

இதையெல்லாம் பார்க்க ஓவியராக இருக்க வேண்டியதில்லை, கொஞ்சம் நேரம் இருந்தால் போதும். காசியிலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்த பாட்டிக்கும் அது கிடைக்கட்டும்.

காலையிலேயே தனுஷ்கோடியை முடித்துவிட்டால் இது நடக்கும். காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து வாடகையை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், அது நியாயம்தான். கூட்டமில்லாத ஒரு நாளில், ஒரே ஒரு சவாரிக்குச் செய்து பாருங்கள். வந்தவர்களுக்குப் பிடித்திருந்தால் ஸ்டாண்டில் மற்றவர்களிடமும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப்பக்கத்து ஓவியன்