கத்தரிக்காயில் புழு இல்லை என்று ஒரு புகார்

பெறுநர்: பண்ணைப் பங்குத் திட்டப் பொறுப்பாளர்
பொருள்: 9 முதல் 13 வரையிலான வாரப் பெட்டிகளில் வந்த காய்கள் உங்கள் வயலில் விளைந்தவை அல்ல என்பது பற்றி

வணக்கம்.

உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்று தடவையும் "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில், மூன்றாவது தடவை கூடவே நூறு ரூபாய்க்கு ஒரு கூப்பன். எனக்குக் கூப்பன் வேண்டாம். அதனால்தான் இதை மெயிலில், கொஞ்சம் நீளமாக, பண்ணையை நடத்துகிறவர்களே படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எதைப் பற்றிப் புகார் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போனில் பேசிய உங்கள் பையன் "மேடம், காயில் பூச்சி இருந்தால்தான் அது இயற்கை விவசாயம்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். நான் பூச்சி இருக்கிறது என்று சொல்லவே இல்லை. பூச்சியைக் காணோமே என்றுதான் கேட்டேன்.

26 வாரத்துக்கு ₹15,600 முன்பணம் கட்டிச் செப்டம்பரில் சேர்ந்தேன். வாரத்துக்கு 600 ரூபாய், ஐந்து கிலோவுக்குக் குறையாத பெட்டி, சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில். முதல் நாலு வாரமும் கொத்தவரங்காய் வந்தது. பொரியல் செய்தோம், பருப்பு உசிலி செய்தோம், கூட்டு வைத்தோம், நாலாவது வாரம் என்ன செய்வதென்று தெரியாமல் மோர்க்குழம்பில் போட்டேன் (அது தப்பு, யாரும் செய்யாதீர்கள்). என் பையன் சனிக்கிழமைக்குக் கொத்தவரங்காய்க் கிழமை என்றே பேர் வைத்துவிட்டான். ஐந்தாவது பெட்டியில் இருந்த கத்தரிக்காயில் பாதி சொத்தை. வெட்டி எறிந்தது போக மிச்சத்தில் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தேன், அந்த ருசியை இன்னும் எங்கள் வீட்டில் பேசுகிறார்கள். புடலங்காய் பாம்பு மாதிரி நெளிந்து வந்தது, முளைக்கீரையில் மண் இருந்தது, ஒரு வாரம் வெண்டைக்காய் முற்றிப்போய் ஒடிக்கவே முடியவில்லை. இதில் எதற்காவது உங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டேனா? பழைய சாட்டைத் திறந்து பாருங்கள்.

போடவில்லை, ஏனென்றால் அதற்குத்தான் காசு கட்டினேன். அறிமுகக் கூட்டத்தில் நீங்களே அழகாகச் சொன்னீர்கள், இது கடையில் காய் வாங்குவது இல்லை, பண்ணையில் பங்கு சேருவது என்று. ஜப்பானில் 1970களில் 'டெய்கெய்' என்ற பெயரில் குடும்பங்கள் நேரே விவசாயிகளோடு கைகோத்தது, அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இதே மாதிரி பங்குத் திட்டம் தொடங்கியது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டினீர்கள். விளைந்தால் எல்லோருக்கும் பங்கு, விளையாவிட்டால் அந்த நஷ்டத்திலும் பங்கு, அதற்குச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள் என்றீர்கள். சம்மதம் என்றுதான் போட்டேன். என் வீட்டுக்காரர்கூட "காசும் கொடுத்து, காய் வராவிட்டால் கேட்கவும் கூடாதா, நல்ல வியாபாரம்" என்று கிண்டல் செய்தார். அவரிடம் உங்கள் பக்கம் பேசியவள் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. "வயலில் தண்ணீர் நிற்கிறது, கீரைப் பாத்தி முழுக்கப் போய்விட்டது, ஆனாலும் உங்கள் பெட்டி வழக்கம்போல் வரும்" என்று நீங்கள் குரூப்பில் போட்டீர்கள். படித்துவிட்டுப் பாவம் என்று நினைத்தேன். அந்த வாரம் ரெண்டு சுரைக்காயும் நாலு பச்சை மிளகாயும் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது என்ன தெரியுமா? கேரட், பீன்ஸ், குடைமிளகாய், சவ்சவ், பளபளவென்று ஒரு காலிஃபிளவர். கடையில் இங்கிலீஷ் காய் என்று தனியாக அடுக்கி வைத்திருப்பார்களே, அது மொத்தமும் ஒரே பெட்டியில்.

உங்கள் பண்ணை இருப்பது மதுராந்தகம் பக்கம். அங்கே ஐப்பசி மழையில், தண்ணீர் நிற்கும் வயலில், கேரட் விளைந்ததா? அதுவும் ஒரு பொட்டு மண் இல்லாமல்? நீலகிரியில் கேரட்டை மெஷினில் போட்டுக் கழுவித்தான் சந்தைக்கு அனுப்புவார்கள், அந்தப் பளபளப்பு எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் எங்கள் தெருமுனைக் கடையில் பார்க்கிறேன். உங்கள் கீரையில் மண், கேரட்டில் மண் இல்லை.

எனக்கு முன்னால் கண்டுபிடித்தது என் மாமியார். அவர் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் காய்கறி போட்ட வீட்டில் பிறந்தவர், இப்போது கண் கொஞ்சம் மங்கல், ஆனால் காயைக் கையில் எடுத்தால் போதும். பத்தாவது பெட்டியில் வந்த கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கே, ஒண்ணுலகூட ஓட்டை இல்லையே, இது மருந்தடிச்ச காய்ம்மா" என்றார். அன்றைக்கு நான் உங்களுக்காக அவரிடமும் வாதாடினேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் எரிகிறது.

அதே பெட்டியில் அவரைக்காயும் இருந்தது. குத்து அவரை என்றால் எல்லா நாளும் காய்க்கும், அது தெரியும். ஆனால் செப்டம்பரில் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் நீங்கள் காட்டியது பந்தல் போட்ட கொடி அவரை. பகல் பொழுது குறைந்தால்தான் அது பூக்கும், மார்கழி தையில்தான் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் என்று உங்கள் பண்ணை ஆளே விளக்கினார், நான் அதை வீடியோகூட எடுத்து வைத்திருக்கிறேன். ஐப்பசியில் வந்த அவரை எந்தப் பந்தலிலிருந்து வந்தது?

பன்னிரண்டாவது பெட்டியில் ஐந்து முருங்கைக்காய். கார்த்திகையில் முருங்கைக்காய்! அது கோடையில் கொட்டுகிற காய். மழைக்காலத்தில் இங்கே மரத்தில் பூ நிற்காது, சந்தைக்கே மகாராஷ்டிரா, குஜராத் பக்கமிருந்து லாரியில் வரும், விலையைக் கேட்டால் தங்கக் கடைக்குப் போன மாதிரி இருக்கும். நீங்கள் ஐந்து காய் போட்டுக் கொடுத்தது உண்மையில் நல்ல மனசாகவே இருக்கலாம், வாடிக்கையாளர் சந்தோஷப்படட்டும் என்று கைக்காசு போட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் கூடவே வந்த சீட்டில் "இன்று காலை நம் வயலில் பறித்தது" என்று அச்சடித்திருந்தது.

பதின்மூன்றாவது பெட்டிதான் உச்சம். தக்காளிக்கு அடியில் மடித்து வைத்திருந்த பேப்பரை எடுத்தேன், கன்னடப் பத்திரிகை. கோலார் தக்காளி கோயம்பேட்டுக்கு வருவது ஊருக்கே தெரிந்த விஷயம். மதுராந்தகத்தில் யார் கன்னடப் பேப்பர் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். போட்டோ இணைத்திருக்கிறேன், தேதி தெளிவாகத் தெரிகிறது.

இதை எழுதிக் கேட்டதற்குத்தான் கடைசியில் உங்கள் பையன் "கூட்டாளிப் பண்ணைகளிலிருந்து சில காய்கள் எடுக்கிறோம்" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. சரி, எந்தப் பண்ணைகள்? பெயர் என்ன, ஊர் என்ன? பதில் இல்லை. உங்கள் பெட்டியில் பிஜிஎஸ் இயற்கைச் சான்று முத்திரை ஒட்டியிருக்கிறது. அது பக்கத்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் நேரில் போய்ப் பார்த்து உறுதி சொல்கிற முறை என்று நீங்கள்தான் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னீர்கள். கன்னடப் பேப்பரில் வந்த தக்காளியின் வயலை உங்கள் குழுவில் யார் போய்ப் பார்த்தார்கள்? வெளியிலிருந்து வாங்கிய காயை அந்த முத்திரை போட்ட பெட்டியில் வைத்தால் அது என்ன கணக்கு?

அப்புறம் எடை. பதின்மூன்றாவது பெட்டியை நிறுத்துப் பார்த்தேன், 4 கிலோ 200 கிராம். அதே காய்களை அதே அளவில் எங்கள் தெருமுனைக் கடையில் விலை கேட்டேன், 310 ரூபாய் சொன்னார், பேரம் பேசினால் முந்நூறுக்கே தருவார், கொஞ்சம் கறிவேப்பிலை கொத்தமல்லியும் சும்மா போடுவார். மிச்ச 300 ரூபாய் எதற்குக் கொடுத்தேன்? உங்கள் வயலுக்காக. வெள்ளம் வந்தால் உங்கள் விவசாயி கடன் வாங்காமல் இருக்கட்டும் என்பதற்காக. அந்த மழை வாரங்களில் "இந்த வாரம் ஒன்றும் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று வெறும் பெட்டியில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டு அனுப்பியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆடிப்பட்டம் தேடி விதைத்தவனுக்கு ஐப்பசி மழை என்ன செய்யும் என்று தெரிந்துதானே சேர்ந்தோம்.

எங்கள் அடுக்குமாடியில் மட்டும் ஏழு வீடு உங்களிடம் பங்கு சேர்ந்திருக்கிறது. அதில் மூன்று வீட்டுக்காரர்கள் கேரட் வந்ததும் சந்தோஷப்பட்டார்கள், "அப்பாடா, கொத்தவரங்காய் முடிந்தது" என்றார்கள், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். காய் வகை குறைகிறது என்று அவர்கள் உங்களை நச்சரித்திருப்பார்கள், நீங்களும் பயந்திருப்பீர்கள், புரிகிறது. அப்படியென்றால் அவர்களுக்கென்று தனியாக ஒரு பெட்டி வையுங்கள், வெளியில் வாங்கியது என்று எழுதி, அதற்கேற்ற விலையில். என் பெட்டியில் வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். 9 முதல் 13 வரை ஐந்து பெட்டிக்கு ஆன ₹3,000ஐத் திருப்பித் தாருங்கள், அல்லது பிப்ரவரி கடைசியில் முடியும் என் பங்கை இன்னும் ஐந்து வாரம் நீட்டுங்கள். எனக்கு இரண்டாவதுதான் விருப்பம், பணத்தை வாங்கிக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன், கத்தரிக்காய்தான் வேண்டும். இனிமேல் வருகிற ஒவ்வொரு சீட்டிலும் எந்தக் காய் எந்த ஊரில் விளைந்தது என்று எழுதுங்கள், உங்கள் வயலில் விளைந்தது ஒன்றே ஒன்று என்றாலும் பரவாயில்லை. கூட்டாளிப் பண்ணைகளின் பெயரையும் சான்றையும் குரூப்பில் போடுங்கள். தை மாதம் பண்ணைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னீர்களே, அதற்குத் தேதி சொல்லுங்கள், என் மாமியாரும் வருவார், அவருக்கு உங்கள் பந்தலைப் பார்க்க வேண்டுமாம்.

15 நாளுக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் 1915க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்வேன், அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இவ்வளவு சின்னத் தொகைக்கு அங்கே கட்டணம்கூடக் கிடையாது. மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் கூப்பனை இன்னொரு தடவை அனுப்பினால் அன்றைக்கே போன் செய்துவிடுவேன்.

14, 15ஆம் பெட்டிகள் பரவாயில்லை. போன வாரம் வந்த முள்ளங்கி கோணல் மாணலாக, கீரையோடு, மண்ணோடு வந்தது, அது உங்களுடையதுதான் என்று மாமியார் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு மஞ்சள் பூசணியும் மொச்சையும் வயலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள், நான் கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். டெலிவரி தம்பி பெட்டியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம், மேலே வந்து பெல் அடிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேடவாக்கத்திலிருந்து ஒரு பங்குதாரர்
(பங்கு எண்ணும் ரசீதும் மூன்று போட்டோக்களும் இணைப்பில்)