டோக்கினா லென்ஸ் வாங்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள குமரேசா,

தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்துக்குப் பொங்கல் கழிந்து பதில் எழுதுகிறேன். திட்டுவதற்கு உனக்கு உரிமை இருக்கிறது, திட்டிக்கொள். கையெழுத்தைப் பார்த்து இது டாக்டர் எழுதிய மருந்துச்சீட்டு என்று கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதே. பேனா சரியில்லை.

இங்கே எல்லோரும் சுகம். தங்கையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பேத்திக்குக் காது குத்தியாயிற்றா? மணி அண்ணன் இன்னும் அதே சைக்கிளில்தான் போகிறார், அதே பிரேக் இல்லாமல். மழை இந்த வருடம் அதிகம் பயமுறுத்தாமல் போய்விட்டது. போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் பையன் எனக்கும் வசந்தாவுக்கும் கம்போடியாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டான். மாசியில் ஆறு நாள். ஆம், அங்கோர் வாட். நம் போட்டோ ஸ்டுடியோ முதலாளி சுவரில் மாட்டியிருந்த அந்தப் பழைய காலண்டர் கோயிலேதான். டெவலப்பர் கறை படிந்து ஒரு கோபுரம் காணாமல் போயிருக்குமே, அதை நேரில் பார்க்கப் போகிறேன். மூன்று நாள் சுற்றிப்பார்க்க ஆளுக்கு 62 டாலராம். டிக்கெட்டில் நம் முகத்தையும் படம் எடுத்து அச்சிட்டுத் தருவார்களாம். வசந்தா இப்போதே எந்தப் புடவை என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். நான் எந்த லென்ஸ் என்று யோசித்தேன். அதில்தான் இரண்டு மாதம் போயிற்று.

என்னிடம் இருப்பது பழைய கேனன் 700டி கேமரா, கூட வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸ். எண் சிறுத்தால் காட்சி அகலும் என்பது நமக்குப் பழைய பாடம். அதன் 18 என்பது நம் ஸ்டுடியோவில் இருந்த 28தான், வேறொன்றும் இல்லை. பிலிம் 36க்கு 24 மில்லிமீட்டர். இந்தக் கேமராவில் பிலிமுக்குப் பதில் இருக்கும் சென்சார் 22.3க்கு 14.9. ஆகவே எதையும் 1.6ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 18ஐப் பெருக்கினால் 29 வருகிறது. அந்த 28ஐ வைத்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூர்க் கல்யாண மண்டபங்களில் நாம் பட்ட பாடு உனக்கே தெரியும். முதுகு சுவரில் முட்டும், பெண் வீட்டாரில் நாலு பேர் வெளியே நிற்பார்கள், முதலாளி "இன்னும் பின்னாலே போ" என்பார். எங்கே போவது, சுவரை இடித்துக்கொண்டா?

10 மில்லிமீட்டர் என்றால் 16க்குச் சமம். மூலைக்கு மூலை 107 டிகிரி பார்வை. 18ல் கிடைப்பது 74தான். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. காலையில் காபியோடு லென்ஸ், மத்தியானம் மோரோடு லென்ஸ். "பெண் பார்க்க வந்தபோது என்னைக்கூட இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை" என்று வசந்தா சொல்லிவிட்டாள். உண்மைதான். அன்றைக்குப் பஜ்ஜியைத்தான் பார்த்தேன்.

நீ எழுதியபடி டோக்கினா 11-16ஐத்தான் முதலில் தேடினேன். ஜூம் எங்கே இருந்தாலும் 2.8 துளை; எண் சிறுத்தால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம். கோயிலுக்குள் வெளிச்சம் இருக்காது, 2.8 இல்லாமல் போகாதே என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய். வாங்குவதற்கு முன் கையில் பிடித்துப் பார்த்துவிடலாம் என்று பாண்டிக்குப் பஸ் ஏறி, வாடகைக்கு மூன்று நாள் எடுத்துவந்தேன். இரும்புக் குண்டு மாதிரி இருக்கிறது, அரைக் கிலோவுக்கு மேல். வளையத்தைத் திருப்பினால் நம் காலத்து லென்ஸ்போல எண்ணெய் போட்ட வழவழப்பு. உன் ரசனையைக் குறை சொல்லமாட்டேன்.

முதல் நாள் தேவனாம்பட்டினம் போனேன். விடிகிற நேரம். நின்ற வாக்கில் பத்துப் படம் எடுத்தேன். வீட்டில் வந்து போட்டுப் பார்த்தால் பாதி வானம், பாதி மணல், நடுவில் எறும்பு ஊர்வதுபோல் படகுகள். இதற்கா பஸ் ஏறிப் போனோம் என்று ஆகிவிட்டது. மறுநாள் மறுபடி போனேன். நீலமும் மஞ்சளும் அடித்த ஒரு பைபர் படகு கரையில் கிடந்தது. முட்டி போட்டு, அதன் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில் கேமராவை வைத்தேன். மூக்கில் பெயின்ட் உரிந்து, அடியில் பழைய சிவப்பு தெரிந்தது. அதன்மேல் ஒரு வெள்ளி மீன்செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர், "படகைப் படம் எடுக்கிறீர்களா, முகர்ந்து பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். அந்தப் படத்தைப் பார்த்தால் நீ எழுந்து நிற்பாய். செதில் முன்னால் பளிச்சென்று நிற்கிறது, படகு கத்தி மாதிரி நீண்டுகொண்டே போகிறது, கடைசியில் கடலும் சூரியனும். நாற்பது வருடம் வைட் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்னாலே பின்னாலே போய்க்கொண்டிருந்தோமே, குமரேசா. முன்னாலே போக வேண்டிய லென்ஸ் அது. முதலாளியிடம் இப்போது போய்ச் சொல்ல முடியாது.

நம் படத்தில் தலை பலாப்பழமாக விழுந்த அந்தச் சித்தப்பாவும் நினைவுக்கு வந்தார். அவர் பிரேமின் ஓரத்தில் வந்து நின்றது யார் குற்றம்? எந்த விலை லென்ஸானாலும் ஓரத்தில் நிற்பவனைப் பக்கவாட்டில் இழுக்கத்தான் செய்யும். வட்டமான தலை நீள்வட்டமாகிவிடும். அது லென்ஸின் கோளாறே இல்லை, அவ்வளவு அகலத்தைத் தட்டையான தாளில் பரப்பினால் அப்படித்தான் வரும். இதை அன்றைக்கே அவருக்கு விளக்கியிருந்தால் குடையைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்திருக்கமாட்டார். நீதான் டார்க் ரூமுக்குள் ஓடி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாய், அடி வாங்கியவன் நான்.

மூன்றாம் நாள் லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில், பாண்டி ரயில் நிலையம் பக்கம் இருதய ஆண்டவர் பசிலிக்காவில் இறங்கினேன். 1907ல் கட்டி முடித்த கோயில். உள்ளே ஓங்கிய வளைவுகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், இருட்டும் வெளிச்சமும் கலந்த இடம். அங்கோருக்கு ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை என்று நினைத்தேன். திருப்பலி இல்லாத மத்தியான நேரம், கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். 2.8ல் வைத்து, ஷட்டர் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, முதலாளி சொல்லிக்கொடுத்தபடியே எடுத்தேன். அகல லென்ஸுக்கு அந்த வேகம் கையில் நிற்கும் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. முப்பது படம் எடுத்தேன்.

முப்பதும் அசைந்திருந்தது.

லென்ஸ் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். கடைக்காரரிடம் சண்டைக்கே போயிருப்பேன். பிறகு கேமராவை ஒரு பெஞ்சின் முதுகில் வைத்து, கை படாமல் டைமரில் எடுத்தேன். கண்ணாடியில் உள்ள ஈயக் கோடுகூட முடிபோல் தெளிவாக விழுந்திருந்தது. லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, குமரேசா. பேனாவும் நன்றாகத்தான் எழுதுகிறது. மேலே அதன்மேல் பழி போட்டேன், அடித்துவிடு.

ஆறு மாதமாக இருக்கிறது. காபி டம்ளரை எடுத்தால் தளும்பும். சட்டைப் பொத்தான் போட நேரமாகும். டபராவை முக்கால் அளவுதான் நிரப்பச் சொல்லி வசந்தாவிடம் "சர்க்கரைக்காகக் குறைத்துக்கொள்கிறேன்" என்று புளுகி வைத்திருக்கிறேன். அப்பாவின் கடைசிக் காலம் உனக்குத் தெரியும், அதனால் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. பசிலிக்காவிலிருந்து வந்த மறுநாளே ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன், தனியாக. கையை நீட்டச் சொன்னார், மடியில் வைக்கச் சொன்னார், ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். சுருளைப் பார்த்தால் ஜிலேபி மாஸ்டருக்கே சிரிப்பு வந்திருக்கும். ஒரு வேலை செய்யும்போது நடுங்குகிறது, மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கவில்லை, அப்பாவுக்கு வந்த பார்க்கின்சனில் பெரும்பாலும் இது நேர்மாறாக இருக்கும் என்றார். வயதில் பலருக்கும் வருகிற நடுக்கம்தானாம். மாத்திரை ஒன்று கொடுத்திருக்கிறார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு முழு டம்ளர் டீ குடித்தேன், பாதி சட்டையில்.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். பயணம் முடிந்து வந்து வசந்தாவிடம் நானே சொல்லிக்கொள்வேன். இப்போது சொன்னால் அங்கோரில் அவள் கோயிலைப் பார்க்கமாட்டாள், என் கையைத்தான் பார்ப்பாள்.

ஆகவே டோக்கினா வாங்கவில்லை. கேனனின் சொந்த 10-18 வாங்கிவிட்டேன். யாரோ ஒருவர் ஒருமுறை பயன்படுத்தி அலமாரியில் வைத்திருந்தது. துளை 4.5ல் தொடங்கி 5.6ல் முடிகிறது, நீ மூக்கைச் சுளிப்பாய். கேமராவில் மாட்டும் வளையம்கூட பிளாஸ்டிக், நன்றாகச் சிரித்துக்கொள். எடை 240 கிராம்தான். ஆனால் உள்ளே நடுக்கம் தாங்குகிற பொறி இருக்கிறது. கை எந்தப் பக்கம் ஆடுகிறதோ, உள்ளே ஒரு கண்ணாடி அதற்கு எதிர்ப்பக்கம் நகர்ந்து படத்தைப் பிடித்து நிறுத்துகிறது. உன் 2.8 இதைவிட இரண்டரை மடங்கு வெளிச்சம் தரும், ஒத்துக்கொள்கிறேன். ஓடுகிறவனை எடுக்க அதுதான் வேண்டும், இந்தப் பொறி அதற்கு உதவாது. எண்ணூறு, தொள்ளாயிரம் வருடமாக நிற்கிற கல் எங்கே ஓடப்போகிறது? ஆடுகிறவன் நான்தான். திரும்பவும் பசிலிக்கா போய், அதே வளைவு, அதே எட்டில் ஒரு நொடி, வெளிச்சத்தை உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.வை மட்டும் 1600க்கு ஏற்றி எடுத்தேன். பத்தில் ஏழு தேறியது. மிச்சம் மூன்றை நீ தேறவில்லை என்பாய். நான் தேறியதாகவே வைத்திருக்கிறேன்.

இன்னொரு கூத்து கேள். அங்கோரில் நான் உயிரை விட்டுப் பார்க்க நினைப்பது அந்தப் பாற்கடல் கடையும் சிற்பம். கிழக்குப் பிராகாரச் சுவரில் 49 மீட்டர் நீளத்துக்கு, வாசுகியைப் பிடித்து இழுக்கும் அசுரரும் தேவரும். இவ்வளவு படித்தபிறகுதான் உறைத்தது, அதற்கு இந்த லென்ஸ் உதவாது! ஒரு முனையில் நின்று 10ல் எடுத்தால் முதல் அசுரனின் தொடை தூண் மாதிரி இருக்கும், நடுவில் உள்ள விஷ்ணு வெல்லக்கட்டி ஈ ஆகிவிடுவார். சுவருக்கு நேரே நின்று, பழைய 18-55ல் நாலு எட்டு நடந்து ஒரு படம், இன்னும் நாலு எட்டு நடந்து இன்னொரு படம் என்று எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். முகப்புக்கும் அப்படித்தான். அகழி 190 மீட்டர் அகலம். இக்கரையிலிருந்து 10ல் எடுத்தால் கோபுரங்கள் கிராம்பு அளவுக்குத்தான் தெரியும். மரவேர் படர்ந்த தா புரோம் கோயில் அங்கே இருக்கிறது, மரத்தின் காலடியில் முட்டி போட்டுக்கொள்ள இந்த லென்ஸ் ஆகும். பாயோன் கோயிலில் கல் முகங்களின் மோவாய்க்குக் கீழே நின்று எடுக்கவும் ஆகும்.

நம் பாடலீஸ்வரர் கோபுரத்தில் பழகிக்கொண்டுதான் போகிறேன். கேமராவைக் கொஞ்சம் அண்ணாந்தால் போதும், கோபுரம் மல்லாந்து விழப்போவதுபோல் சாய்கிறது. மட்டமாகப் பிடித்தால் முன்னால் தரை நிறைய வருகிறது. அந்தத் தரையில் ஒரு கோலமோ குட்டையோ கிடைத்தால் தப்பித்தேன்.

நீ தருவதாகச் சொன்ன, வானத்தின் நீலத்தைக் கூட்டும் போலரைசர் பில்டர் வேண்டாம். உன் தாராள மனசு வாழ்க, ஆனால் இவ்வளவு அகல லென்ஸில் அதை மாட்டினால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலப் பட்டை விழும். உனக்கே தெரிந்துதான் என் தலையில் கட்டப் பார்த்தாய் என்று சந்தேகமாக இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு உதவி செய். சின்ன மேஜை டிரைபாட் ஒன்று உன்னிடம் இருந்ததே, மூன்று காலும் மடங்குவது, அதை அனுப்பு. கோயிலுக்குள் அனுமதித்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஓட்டல் ஜன்னலிலாவது வைத்துக்கொள்கிறேன்.

பார்சலையும் பதிலையும் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடாதே. இங்கே கடிதத்தை முதலில் பிரிப்பது வசந்தா. மணி அண்ணன் கடைக்குப் போடு. அவர் பிரிக்கமாட்டார், பிரித்தாலும் கண்ணாடி இல்லாமல் படிக்கமாட்டார்.

உன்
ராமு