ஆய்வு நிதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: நாங்கள் கேட்டது ஒரு டிடெக்டர்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் பதில் போன வாரம் வந்து சேர்ந்தது. எங்கள் கல்லூரியின் உபகரணப் பட்டியலில் ஏற்கெனவே ஒரு கேஸ் குரோமட்டோகிராஃப் (ஜி.சி., வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) இருப்பதால், ஹைட்ரஜனை அளக்க ஒரு டிடெக்டர் கேட்ட எங்கள் கோரிக்கையை ஏற்க இயலாது என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். விண்ணப்பம், ஆண்டறிக்கைகள், விளக்கக் கடிதம் எல்லாமே உங்கள் கோப்பில் இருக்கின்றன, அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. எங்களிடம் இருக்கிற அந்த ஜி.சி. ஹைட்ரஜனைக் காட்டாது. அதிலிருப்பது எஃப்.ஐ.டி. என்ற டிடெக்டர் (வாயுவை உணரும் பகுதி), ஹைட்ரஜன் சுடரில் கரிமச் சேர்மங்களை எரித்துக் கண்டுபிடிப்பது. ஹைட்ரஜன் அதற்கு எரிபொருள். எரிபொருளையே அதில் அளக்க முடியாது. நாங்கள் கேட்டது இரண்டாவது ஜி.சி. இல்லை. இருக்கிற கருவியில் பொருத்த ஒரு டி.சி.டி. டிடெக்டர் (வாயு வெப்பத்தைக் கடத்தும் விதத்தை வைத்து அளப்பது), அதற்கேற்ற ஒரு பிரிப்புக் குழாய் (column), தடையில்லாமல் எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு சிலிண்டர். அவ்வளவுதான். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இதை எழுதியிருந்தோம். யாராவது படித்தீர்களா?

வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். அமிலத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க பிளாட்டினத்தைப் போல வேலை செய்யும் உலோகம் இல்லை, ஆனால் அதன் விலையும் அது கிடைக்கும் அளவும் ஊருக்கெல்லாம் கட்டுப்படியாகாது. இரும்போ பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய 5 சதவீதம். காற்றில்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் இரும்பை வைத்தே நொடிக்கு ஆயிரக்கணக்கான ஹைட்ரஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அவற்றில் இந்த வேலையைச் செய்யும் நொதியின் அமைப்பு 1998, 1999-ஆம் ஆண்டுகளில் எக்ஸ்-கதிர் படிகவியலில் தெரிய வந்தது. நடுவில் இரண்டு இரும்பு அணுக்கள், அவற்றை இணைக்கும் கந்தகம், அப்புறம் நமக்கு விஷமான கார்பன் மோனாக்சைடும் சயனைடும். அதைப் பார்த்து உலகெங்கும் ஆய்வகங்களில் இரும்பு அணைவுச் சேர்மங்களை (இரும்பு அணுவைச் சுற்றி மற்ற மூலக்கூறுகள் பிணைந்தவை) செய்து, எது குறைந்த மின்னழுத்தத்தில் ஹைட்ரஜன் தருகிறது என்று சோதிக்கிறார்கள். எங்கள் மாணவி செய்வதும் அதுதான்.

அவர் மண்டபம் ஊருக்குப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். அவர் செய்யும் சேர்மத்தின் கரைசல் நல்ல சிவப்பு. காற்றுப் பட்டால் கொஞ்ச நேரத்தில் நிறம் செத்துப் பழுப்பாகி, அடியில் துரு மாதிரி படிந்துவிடும். காற்றை விலக்கி வைக்கும் ஆர்கான் சிலிண்டர் வரத் தாமதமானால் அந்த வாரம் முழுக்க வீண். இருந்தும் செய்து முடித்தார். கட்டுரையை அனுப்பினால் மதிப்பீட்டாளர் இரண்டு கேள்விகள் கேட்டார், இரண்டும் நியாயமானவை. வேலை செய்வது சேர்மமா, அல்லது அது சிதைந்து, கரைசலுக்குள் மின்சாரம் செலுத்தும் மின்முனையில் படிந்த இரும்பா? மின்முனையைக் கழுவிப் புது அமிலத்தில் வைத்துப் பார்த்தார், மின்னோட்டம் விழுந்துவிட்டது, ஆக படிவு இல்லை. அடுத்த கேள்வி, செலுத்திய மின்சாரத்தில் எவ்வளவு ஹைட்ரஜனாக மாறியது? அதை வாயுவை அளந்துதான் சொல்ல முடியும்.

அளக்க மதுரைக்குப் போகிறார். மின்சாரம் செலுத்தும் சோதனைக் கலத்தின் மேலே சேரும் வாயுவை ஊசியில் இழுத்து, ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் ஏற்றி, மூடிக்கு மேல் மெழுகு பூசி, பையை மடியில் வைத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் பஸ் ஏறுகிறார். பரமக்குடி, மானாமதுரை என்று வெயிலில் அந்தப் பஸ் நின்று நின்று போகும்போது, மூலக்கூறுகளிலேயே மிகச் சிறியதான ஹைட்ரஜன் ஊசி போன துளை வழியே கசிந்துகொண்டே இருக்கிறது. ஒரே நேரத்தில் நிரப்பிய குப்பிகள் அங்கே போய் வேறு வேறு எண் காட்டுகின்றன. இருப்பதில் பெரிய எண்ணை எழுதிவிடு என்று ஒருவர் யோசனை சொன்னபோது, மாட்டேன் என்று நோட்டை மூடிவிட்டார். அந்த நேர்மைக்கு நீங்கள் தந்த பதில்தான் அந்த ஒரு வரி.

கேட்டால் கோபம் வருகிறது ஐயா. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டம் (சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுப்பது) அறிவித்தார்கள், 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்றார்கள். வெயிலுக்கும் நிலத்துக்கும் எங்கள் மாவட்டம் வேண்டும், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-இலேயே வந்துவிட்டது. ஆனால் ஆராய்ச்சி என்றால் மட்டும் இது தண்ணியில்லாக் காடு. அதிகாரிகளைத் தண்டிப்பதற்கு அனுப்பும் ஊர் என்ற நினைப்பு உங்கள் மேசை வரைக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. இங்கேயும் பிள்ளைகள் படிக்கிறார்கள், பிளாட்டினம் வாங்க முடியாத இடத்தில் இரும்பை வைத்து வழி தேடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கோப்பைத் தயவுசெய்து மறுபடி எடுங்கள். வாயு அளவீடு தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, எஃப்.ஐ.டி.யில் ஹைட்ரஜனை அளக்க முடியுமா என்று கேளுங்கள். அவர் முடியும் என்றால் நான் இனி எழுதவே மாட்டேன். முடியாது என்றால் டி.சி.டி. டிடெக்டரையும் ஆர்கானையும் இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் அனுமதியுங்கள், மாணவியின் ஆய்வுப் பதிவுக் காலம் அதோடு முடிகிறது. விலைப்புள்ளிகள் பழசாகிவிட்டன என்றால் புதிதாக வாங்கி அனுப்புகிறோம். உங்களில் யாராவது நேரில் வந்து பார்க்க விரும்பினால், கல்லூரி வேலை நாட்களில் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆசிரியர்