சாவு வீட்டில் சந்தா நோட்டைத் திறக்காதீர்கள்

எங்கள் சேகரத்துக் குருவானவர் ஐயா அவர்களுக்கும் கமிட்டி அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் எங்கள் பெரியம்மாவை அடக்கம் பண்ணின அன்று நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். காலையில் உயிர் போனதும் துக்க மணி அடிக்கச் சொல்லிக் கோவிலுக்கு ஆள் அனுப்பினோம். மணிச் சத்தத்துக்கு முன்னால் சபைச் சந்தா எழுதும் நோட்டு வந்தது. இரண்டு வருஷச் சந்தா பாக்கி, கோவில் விருந்தான அசனப் பண்டிகைக்கு வரியும் கட்டவில்லை, கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட விடுவோம் என்றீர்கள். பெரியம்மாவின் மகள் கம்மலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அடகுக்கடை எப்போது திறக்கும் என்று வாசலில் நின்றாள். மணி அடிக்கும்போது உச்சி வெயில்.

பெரியம்மா ஆயுசு முழுக்க பீடி சுற்றினவர். கண் மங்கி, கை நடுங்கி, கடைசி இரண்டு வருஷம் பீடித் தட்டைத் தொட முடியவில்லை. சந்தா நின்றது அதனால்தான். ஆனால் அவர் அடுப்படியில் ஒரு பழைய பால்பவுடர் டப்பா உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு கைப்பிடி அரிசி முதலில் அதில் விழும். ரேஷன் அரிசிதான். படுக்கையில் கிடந்தபோதும், "டப்பாவுல போட்டியாட்டி?" என்று மகளைக் கேட்பார். அன்றைக்கு நான் திறந்து பார்த்தேன். முக்கால் டப்பா இருந்தது. அது உங்கள் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

சபை நடக்கப் பணம் வேண்டும், சரி. குருவானவருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் எனக்கும் தெரியும். நானும் சந்தா கட்டுகிறவன், இனியும் கட்டுவேன். ஆண்டவர் தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கையை, வேண்டாம் என்று சொல்லவில்லையே. ஒற்தலாம் என்கிற புதினாவுக்கும் சீரகத்துக்கும் கணக்குப் பார்த்துவிட்டு இரக்கத்தை விட்டுவிட்டவர்களைப் பார்த்துத்தான் ஐயோ என்றார். மத்தேயு 23ஆம் அதிகாரத்தை நம் கோவிலிலேயே எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்!

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயரை நினைத்துக்கொள்கிறேன். தம் உபதேசிமாருக்குக் குருப்பட்டம் கொடுக்க ஆங்கிலிக்கன் பிஷப்புதான் வேண்டும் என்ற கட்டளைக்கு அவர் இணங்கவில்லை. 1835இல் அவரை அனுப்பிய மிஷன் சங்கமே அவரை நீக்கியது. அப்படியும் பல சபைகள் அவர் பக்கமே நின்றன. கட்டளையே பெரிது என்று நிற்காத அந்தச் சனங்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம்?

ஞானஸ்நானத்துக்கும் கோவிலில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்கவும் இதே நோட்டுதான் குறுக்கே வருகிறது. அதை அப்புறம் பேசலாம். இப்போது ஒரு தீர்மானம் மட்டும் போடுங்கள். பிரேதம் வீட்டில் இருக்கும்போது யாரும் சந்தா கேட்கக் கூடாது. விதவைகள், படுக்கையில் கிடப்பவர்கள் பேரில் பாக்கி எழுதக் கூடாது. பாக்கி இருந்தால் முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எங்களிடம் கேளுங்கள், கட்டுகிறோம்.

வருகிற ஞாயிறு அந்த டப்பா அரிசியைக் காணிக்கையாகக் கொண்டு வருகிறோம். பெரியம்மா பேரைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சபை அங்கத்தினன்